பழைய டீசல் ஜீப் வாங்கும் முன் மீற்றரை விட்டு அடியைப் பாருங்கள்

பழைய ஜீப்பை வாங்கிய பிறகு என் கராஜுக்குக் கொண்டு வந்து, "அண்ணை, ஒருக்காப் பாருங்கோ, என்ன சத்தம் இது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். காசு கொடுப்பதற்கு முதல் கொண்டு வந்து காட்டுபவர் மிகக் குறைவு. காணி விற்ற காசு, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசு, இரண்டு போகம் நெல் விற்றுச் சேர்த்த காசு என்று வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் "எஞ்சின் இறக்க வேண்டும்" என்று சொல்வது எனக்கும் சுலபமான வேலை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வாகனமே கைமாறிக் கைமாறி ஓடியது. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விலைக்கு நிற்கும் பஜிரோ, பிராடோ, பழைய ஹைலக்ஸ் டபுள் கப் போன்றவற்றில் பல இருபது வயதைக் கடந்தவை. மீற்றரில் மட்டும் இளமையாக ஒரு எண் நிற்கும். மீற்றரைக் குறைப்பது ஒரு மணித்தியால வேலை. நான் அந்த எண்ணை நம்பி எதையும் சொல்வதில்லை. வன்னியில் ஓடிய ஜீப்பைத் தின்பவை கோடைப் புழுதியும் மாரித் தண்ணீரும். அவை இரண்டும் விட்டுப்போன அடையாளத்தை மீற்றரைப்போலச் சுலபமாக அழிக்க முடியாது.

பார்க்கப் போகும் நாளில் விற்பவருக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: "நாங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம்." போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். தேய்ந்த டீசல் எஞ்சின் சூட்டில் நன்றாகத்தான் பிடிக்கும். அதன் வருத்தமெல்லாம் குளிரில்தான் வெளியே வரும். குளிரில் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கின் விளக்கு அணைந்த பிறகு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் சுற்றுவதற்குள் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நின்றால் இன்ஜெக்டரோ கொம்பிரஷனோ பழுது, அல்லது றேடியேற்றர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது வரும் கறுப்புப் புகையை விற்பவர் "டீசல் வண்டி அப்படித்தான்" என்பார். அடைத்த எயார் கிளீனர், தேய்ந்த இன்ஜெக்டர், காற்று ஒழுகும் ரேர்போக் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பகுதி) குழாய் எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் மறைந்துவிடும்.

அடுத்தது புழுதி. எயார் கிளீனரைக் கழற்றி வடிகட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அது நேற்று மாற்றிய புதியதாகவும் இருக்கலாம். வடிகட்டிக்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து எடுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் அந்த எஞ்சின் மண் தின்றிருக்கிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய் பக்கமோ உள்வீதிகளில் கோடையில் முன்னால் போகும் வாகனம் தெரியாத புழுதி. புது வடிகட்டி வாங்காமல் கொம்பிரசர் காற்றால் ஊதி ஊதிப் பாவிக்கும்போது கடதாசி கிழிந்துவிடும். பிறகு வரும் மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம்போல் தேய்க்கும், ரேர்போவின் இறக்கை விளிம்பையும் அரிக்கும்.

தேய்மானம் எவ்வளவு என்று அறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். இலேசாக ஆடினால் சரி. எகிறி விழுந்தாலோ, துளையால் புகை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தாலோ ரிங் போய்விட்டது, விலை பேசாதீர்கள். ஒயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஒயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். பால் தேநீர் நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், அது தண்ணீர் கலந்த ஒயில். அளவுக் கம்பியில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் மணத்தாலும் அப்படியே.

பிராடோவின் பழைய 3.0 லீற்றர் 1கேஇசட் எஞ்சின், பஜிரோவின் 4டி56, 4எம்40 எல்லாம் நல்ல எஞ்சின்கள்தான். ஆனால் மூன்றும் ஒருமுறை கொதித்தால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும் ரகம். எங்கள் வெயிலில் றேடியேற்றர் பாதி அடைத்திருந்தாலே கொதிக்கும். குளிர்ந்த நிலையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து, துருத்தண்ணீரா, மேலே ஒயில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடிவிட்டு ஸ்ராட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாத நேரத்திலேயே அது கல்லாக இறுகினால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று கேட்டு, பில் இருந்தால் மட்டும் நம்புங்கள். ஹைலக்ஸின் 2கேடி எஞ்சினில் அது 150,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. 4டி56இல் பலன்ஸ் பெல்ற் என்று இன்னொரு சின்னப் பெல்ற் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சிக்கினால் இரண்டும் போகும். 4எம்40இல் செயின், அந்தக் கவலை குறைவு.

இனித் தண்ணீர். மாரியில் குளங்கள் வான் பாயும்போது தாம்போதியைக் கடக்காமல் வன்னியில் யாரும் வாகனம் ஓட்டியிருக்க முடியாது. ஓடிச் சூடான டிபரென்ஷல் (அச்சில் இருக்கும் கியர்ப் பெட்டி) திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே மூச்சுவிடும் சிறு குழாய் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் ஒயிலோடு கலந்து பெயரிங்கையும் கியர்ப் பல்லையும் அரிப்பது வெளியே தெரியாது. ஆகவே முன், பின் டிபரென்ஷல் இரண்டினதும், முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டியினதும் ஒயில் நிரப்பும் ஆணியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். பத்து நிமிட வேலை. சாம்பல் நிறமாகவோ நுரையாகவோ இருந்தால் தண்ணீர். வடிக்கும் ஆணியின் காந்தத்தில் மெல்லிய களிம்பு இருப்பது இயல்பு. உலோகத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களும் சந்தையில் உண்டு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் வெள்ளம் புகுந்தது எல்லோருக்கும் தெரியும். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே நிற்கும். விரிப்பின் அடி, எயார் கிளீனர் பெட்டியின் அடி, டாஷ்போட்டுக்குப் பின்னால் உள்ள வயர் இணைப்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். டீசல் பாய்ச்சலைக் கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் கொமன் ரெயில் எஞ்சின் என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய், மன்னார்ப் பக்கம் மீன்பிடி வாடிகளுக்கு ஓடிய, வள்ளம் இழுத்த வாகனங்களுக்கு உப்புத்தான் எதிரி. பின் அச்சுக்கு மேலே செசி (வாகனத்தின் அடிச்சட்டம்) வளையும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்பு மை பூசியிருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

ஃபோர் வீல் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை) வேலை செய்கிறதா என்பதை ஏ9 தார் வீதியில் பார்க்கக் கூடாது. ஹைலக்ஸ் போன்ற, தேவைக்கு மட்டும் ஃபோர் வீல் போடும் வாகனத்தைத் தாரில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் கியர் தொகுதி முறுகும். கிரவல் வீதிக்குக் கொண்டுபோங்கள். 4எச் (சாதாரண வேக ஃபோர் வீல்) போட்டு மெதுவாக ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பினால் வாகனம் இழுபட்டு இறுக வேண்டும். இறுகாவிட்டால் முன்சக்கரத்துக்கு இழுவை போகவில்லை. ஆனால் எந்நேரமும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் பிராடோவில், நடு டிபரென்ஷல் லொக் போட்டால்தான் இந்த இறுக்கம் வரும். பிறகு நிறுத்தி, நியூட்ரலில் 4எல் (வேகம் குறைந்த, இழுவை கூடிய ஃபோர் வீல்) மாற்றி ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது லீவர் தானாகக் கழன்றால் ட்ரான்ஸ்பர் பெட்டி தேய்ந்திருக்கிறது. பஜிரோவில் டாஷ்போட் சக்கர விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் முன் இணைப்பு விழவில்லை. "ஃபோர் வீல் போட்டால் டீசல் குடிக்கும், நாங்கள் போடுறதில்லை" என்று சொன்னால் கட்டாயம் கீழே படுத்துப் பாருங்கள். முன் டிபரென்ஷல் சத்தம் போடுகிறது என்று அதற்கு இழுவை கொண்டுபோகும் முன் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு விற்கப்பட்ட வாகனங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. நான்கு ரயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள். அளவு மாறிய ரயரோடு ஃபோர் வீலில் ஓடிய தொகுதி நாளடைவில் தேயும். ரயர் ஓரத்து நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம்: 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. செசியிலும் எஞ்சினிலும் அடித்த இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இலக்கத்தைச் சுற்றி வெல்டிங், அரைத்த தடம் இருந்தால் வேண்டாம். லீசிங் கம்பனியின் பெயர் பதிவில் இருந்தால், அது நீங்கியதற்கான கடிதம் கையில் வரும்வரை முழுக்காசு கொடுக்காதீர்கள். பதிவில் பெயர் மாற்றாமலே மூன்று நான்கு கை மாறிய ஓப்பன் பேப்பரோடு வரும் வாகனத்தின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பேப்பர்தான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் எஞ்சின், கியர், ட்ரான்ஸ்பர், டிபரென்ஷல் ஒயில் அத்தனையும், டீசல், எயார் வடிகட்டிகளும், பில் இல்லாத ரைமிங் பெல்ற்றும் முதல் வாரமே மாற்ற வேண்டியவை. கராஜில் அதற்கு என்ன வரும் என்று முதலே கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.