அனுமதி கொடுத்த பிறகும் ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை?

"சார், சம்பளப் பட்டியல் ஃபோல்டர் இன்னும் திறக்கலை. ஆக்சஸ் கொடுத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"கொடுத்தாச்சு மேடம். ஒரு தடவை லாக் ஆஃப் பண்ணிட்டு திரும்ப உள்ளே வாங்க."

அலுவலகக் கணினிப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது. அவரும் லாக் ஆஃப் செய்துவிட்டு வருவார், ஃபோல்டர் திறந்துவிடும், விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு லாக் ஆஃப் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், அலுவலக நெட்வொர்க் ஆளை அடையாளம் காணும் முறை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவதில் ஏன் அவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

விண்டோஸ் கணினிகள் ஓடும் பெரும்பாலான அலுவலகங்களில் ஊழியர்களின் கணக்குகள் டொமைன் கண்ட்ரோலர் எனப்படும் சர்வரில் இருக்கும். அங்குள்ள ஆக்டிவ் டைரக்டரி என்ற தரவுத்தளம் 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000-உடன் வந்தது. ஆளைச் சரிபார்க்கும் பொறுப்பு கெர்பரோஸ் என்ற நெறிமுறையுடையது. இது மைக்ரோசாஃப்டில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1983-இல் அதீனா என்ற திட்டத்தைத் தொடங்கி, வளாகம் முழுக்க மாணவர்களுக்குப் பொதுக் கணினிகளை வைத்தது. அவற்றை இணைத்த நெட்வொர்க்கை யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். அதில் பாஸ்வேர்டை அனுப்பினால் திருட்டுப் போகும். பாஸ்வேர்டை அனுப்பாமலேயே "எனக்கு அது தெரியும்" என்று நிரூபிக்க வேண்டும். கணினி ஆய்வாளர்கள் ரோஜர் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-இல் வெளியிட்ட ஒரு வழிமுறையை அடித்தளமாக வைத்து, அங்கே கெர்பரோஸ் உருவானது.

காலையில் நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டி என்டர் அழுத்தியதும் நடப்பது இதுதான். உங்கள் கணினி அந்தப் பாஸ்வேர்டிலிருந்து ஒரு ரகசியச் சாவியைக் கணக்கிடுகிறது. அந்த நொடியின் நேரத்தை அந்தச் சாவியால் பூட்டி டொமைன் கண்ட்ரோலருக்கு அனுப்புகிறது. கண்ட்ரோலரிடமும் அதே சாவி உண்டு. அதனால் பூட்டைத் திறக்க முடிந்து, உள்ளே இருக்கும் நேரம் தன் கடிகாரத்தோடு ஒத்துப்போனால் ஆள் உண்மையானவர் என்று ஏற்றுக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். நேரத்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: நேற்று யாரோ ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த செய்தியை இன்று அப்படியே திருப்பி அனுப்பி ஏமாற்ற முடியாது. அலுவலக சர்வர்களில் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது பாதுகாப்பின் ஒரு பகுதியாக இருப்பது இதனால்தான்.

சரிபார்த்து முடித்ததும் கண்ட்ரோலர் ஒரு டிக்கெட் தருகிறது. பொதுவாக அதன் ஆயுள் 10 மணி நேரம். அதற்குள் உங்கள் கணக்கின் அடையாள எண்ணும், நீங்கள் இருக்கும் குரூப்களின் (ஒரே மாதிரி அனுமதி தேவைப்படுகிறவர்களை ஒன்றாகச் சேர்த்த பட்டியல்கள்) எண்களும் எழுதப்பட்டிருக்கும். கண்ட்ரோலர் தனக்கு மட்டுமே தெரிந்த சாவியால் அதைப் பூட்டியிருப்பதால், கையில் வைத்திருக்கும் உங்கள் கணினியால்கூட அதைத் திருத்த முடியாது. பொது ஃபோல்டர்கள் இருக்கும் ஃபைல் சர்வரை அணுகும்போது இந்த டிக்கெட்டைக் காட்டி, அந்த சர்வருக்கென்று இரண்டாவது டிக்கெட் ஒன்றைக் கணினி வாங்கிக்கொள்கிறது. இது ஃபைல் சர்வரின் சாவியால் பூட்டப்பட்டது. சர்வர் அதைத் திறந்து உள்ளே உள்ள எண்களைப் படிக்கிறது. ஃபோல்டரில் எந்தெந்த எண்ணுக்கு என்னென்ன அனுமதி என்று ஒரு பட்டியல் தொங்குகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

"இவர் இப்போது எந்த குரூப்பில் இருக்கிறார்?" என்று ஃபைல் சர்வர் கண்ட்ரோலரைத் திரும்பக் கேட்பதில்லை. பேருந்து கண்டக்டர் பாஸைப் பார்த்து விட்டுவிடுகிறார், பாஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரிப்பதில்லையே, அதுபோல. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் கண்ட்ரோலரைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது திணறிப்போகும்.

சம்பளப் பட்டியல் விஷயம் இப்போது தெளிவாகிவிடும். அந்த அம்மா காலை 9 மணிக்கு உள்ளே வந்தார். அட்மின் அவரை ஊதியப் பிரிவு குரூப்பில் சேர்த்தது 11 மணிக்கு. அவர் கையிலிருந்த டிக்கெட் 9 மணி நிலவரத்தைச் சொல்கிறது. லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரும்போதுதான் புது குரூப் எண்ணோடு புது டிக்கெட் கிடைக்கிறது.

அவர் பெயரை நேரடியாக ஃபோல்டரின் பட்டியலில் எழுதியிருந்தால் லாக் ஆஃப் தேவைப்பட்டிருக்காது. அவசரத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் வேறு பிரிவுக்கு மாறும்போது குரூப்பிலிருந்து எடுத்தால் ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும். பெயர்களை ஃபோல்டர் ஃபோல்டராக எழுதி வைத்த நெட்வொர்க்கில் யாருக்கு எங்கே அனுமதி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுமதி கொடுப்பதில் வரும் தாமதம் வெறும் எரிச்சல்தான். பறிப்பதிலும் அதே தாமதம் வருவது ஆபத்து. ஒருவரை இன்று மதியம் பணியிலிருந்து நீக்கி, கணக்கையும் முடக்குகிறீர்கள் என்று வையுங்கள். புது லாகின் உடனே நின்றுவிடும். ஆனால் முதல் டிக்கெட் வாங்கி 20 நிமிடம் ஆகாதவரை, அதைக் காட்டி இன்னொரு சர்வருக்கு டிக்கெட் கேட்டால் கண்ட்ரோலர் கணக்கின் நிலையை மறுபடி பார்க்காமலே கொடுத்துவிடக்கூடும். 20 நிமிடம் தாண்டினால் பார்க்கும், மறுக்கும். ஏற்கெனவே வாங்கி வைத்த ஃபைல் சர்வர் டிக்கெட்டோ தன் ஆயுள் முடியும்வரை செல்லும். அதனால் கணக்கை முடக்குவதோடு நிறுத்தாமல், அவருடைய கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, சர்வர்களில் திறந்திருக்கும் அவருடைய இணைப்புகளையும் துண்டிக்க வேண்டும்.

முடக்குவதா, அழிப்பதா? முடக்குவதுதான் நல்லது. கணக்கின் பெயர் நமக்காக இருப்பது, நெட்வொர்க் நம்புவது எண்ணை மட்டும்தான். எஸ்-1-5-21 என்று தொடங்கி, அந்த டொமைனை, அதாவது அந்த அலுவலகக் கணக்குகளின் மொத்தத் தொகுப்பை, குறிக்கும் மூன்று நீண்ட எண்களும், கணக்குக்கே உரிய கடைசி எண்ணும் சேர்ந்தது அது. ஒருமுறை ஒரு கணக்குக்குக் கொடுத்த எண் இன்னொன்றுக்குப் போகாது. கணக்கை அழித்துவிட்டு ஒரு மாதம் கழித்து அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு மறுபடி உருவாக்கினாலும் நெட்வொர்க்குக்கு அவர் புது ஆள்தான். பழைய ஃபோல்டர் எதுவும் திறக்காது. எந்த அலுவலகத்திலாவது ஒரு பழைய ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெயர்களுக்கு நடுவே கேள்விக்குறிப் படத்தோடு எஸ்-1-5-21 என்று ஒரு நீண்ட எண் வரிசை நின்றால், அது பெரும்பாலும் எப்போதோ அழிக்கப்பட்ட ஒரு கணக்கு. யாருடையது என்று அங்கே தெரியாது.

அழிப்பதைவிட மோசமானது அப்படியே மறந்துவிடுவது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் அதற்குப் பெரிய விலை கொடுத்தது. கிழக்குக் கரையின் எரிபொருளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் குழாய்த்தொடர் அது. வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வருவதற்கான ஒரு பழைய வி.பி.என். கணக்கு புழக்கத்தில் இல்லை, ஆனால் உயிரோடு இருந்தது. பாஸ்வேர்டைத் தவிர வேறு சோதனை எதுவும் அதற்குக் கிடையாது. அந்தப் பாஸ்வேர்டு எப்படியோ கைமாற, கொள்ளைக்காரர்கள் நேராக உள்ளே வந்தார்கள். நிறுவனம் குழாயை நிறுத்தியது, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது, 75 பிட்காயின் பணயத்தொகை போனது. அப்போதைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். உள்ளே வரப் பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படித் தூங்கும் கணக்குகளைத் தேட ஆக்டிவ் டைரக்டரியே வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கணக்கும் கடைசியாக எப்போது உள்ளே வந்தது என்று ஒரு தேதி அதில் பதிவாகும். ஆனால் எல்லா கண்ட்ரோலர்களுக்கும் பரவும் அந்தத் தேதி ஒவ்வொரு லாகினுக்கும் மாறாது, 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். அதனால் இரண்டு வாரம் வராதவர் என்று தேடினால் தினமும் வருகிறவரும் சிக்குவார். 90 நாள் என்று வைத்துத் தேடுவது பாதுகாப்பானது. வரும் பட்டியலை மனிதவளப் பிரிவுக்குக் கொண்டுபோய், மகப்பேறு விடுப்பில் இருப்பவர் யார், போய்விட்டவர் யார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். பேக்கப் போன்ற மென்பொருள்களுக்காக யாரோ உருவாக்கிய கணக்குகளைப் பற்றி மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அவை தினமும் உள்ளே வந்துகொண்டிருப்பதால் இந்தப் பட்டியலிலும் வராது. அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இன்று பொறுப்பில் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதி வைக்க வேண்டும்.