அத்தொளு: மாலத்தீவு உலகுக்குத் தந்த சொல்

மாலத்தீவில் 2010ஆம் ஆண்டின் அதிகாரப் பரவலாக்கச் சட்டப்படி மூன்று வகையான உள்ளாட்சி மன்றங்கள் இயங்குகின்றன. தனித் தீவுக்கு ஒரு மன்றம், பல தீவுகளை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவுக்கு ஒரு மன்றம், நகரத்துக்கு ஒரு மன்றம் என்பது ஏற்பாடு. இவற்றுள் இரண்டாவதன் பெயரில் வரும், வளைய வடிவப் பவளப்பாறையையும் குறிக்கும் 'அடோல்' என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் 'பவளத்தீவு' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதும்போது தீவுக் கவுன்சில், பவளத்தீவுக் கவுன்சில் என்று இரண்டு பெயர்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கியது என்பதை வாசகர் ஊகிக்கவும் இயலாது. அந்நாட்டில் எல்லாத் தீவும் பவளத்தீவே என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆகவே இச்சொல்லின் பொருளையும் வரலாற்றையும் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

அடோல் என்பது ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த வடிவம். மூலச்சொல் மாலத்தீவின் திவேகி மொழியில் உள்ளது. அங்கே அதன் ஒலிப்பு 'அத்தொளு' என்பதற்கு மிக நெருக்கமானது: நாக்கு பல்லைத் தொடும் வல்லின ஒலி, குறில் ஒகரம், ஈற்றில் நம்முடைய ளகரமே. ஐரோப்பியர் வாயில் ளகரம் லகரமாகத் தேய்ந்தது. ஆங்கிலத்தின் ஒலியைத் தமிழர் டகரமாகக் கேட்டு எழுதியதால் தகரமும் மறைந்தது. திவேகியிலிருந்து நேராக எடுத்திருந்தால் ஓர் ஒலியும் சிதையாமல் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கக்கூடிய சொல் இது. அண்டை நாட்டின் சொல் ஐரோப்பாவைச் சுற்றிவந்து, உருமாறி நம் கைக்குக் கிடைத்திருப்பதை வருத்தத்தோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேர் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சிங்களத்தில் 'உள்ளே' என்று பொருள்படும் 'ஆதுள' போன்ற சொல்லோடு இதை இணைப்பது ஒரு கருத்து; அந்தச் சொல்லின் முதலெழுத்து எகரத்துக்கும் அகரத்துக்கும் இடைப்பட்ட குறில் ஒலி. மூடுதல், அடைத்தல் என்னும் பொருளுடைய மலையாளச் சொல்லொன்றோடு இணைப்பது மற்றொரு கருத்து. இரண்டாவதைத் தழுவி இது 'அடை' என்னும் வினையடியிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல்லே என்று சொல்வோரும் உண்டு. எனக்கு முதல் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. திவேகியும் சிங்களமும் ஒரே இந்தோ ஆரியக் கிளையைச் சேர்ந்த உடன்பிறந்த மொழிகள். மேலும், திவேகியில் டகர ஒலி தனியே இருக்கிறது. 'அடை' என்பதிலிருந்து சொல் பிறந்திருந்தால் அந்த டகரம் தகரமாக மாறியதற்குக் காரணம் சொல்ல வேண்டும். சிங்களச் சொல்லிலோ தகரமும் ளகரமும் அப்படியே உள்ளன. இது முடிந்த முடிபு அன்று என்றாலும், ஒலியொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு தமிழ்வேர் கற்பிப்பது சொல்லாராய்ச்சிக்கு நன்மை செய்யாது.

சொல் வெளியுலகுக்குப் போவதற்கு முன்பே அது குறிக்கும் உருவத்தைப் பிறர் கண்டு எழுதியிருக்கிறார்கள். 1343இல் மாலத்தீவை அடைந்து அங்கே காஜியாகவும் பணியாற்றிய மொராக்கோப் பயணி இபின் பதூதா, அத்தீவுகளில் நூறும் அதற்குக் குறைவுமாக வளையம்போல் சேர்ந்து கிடப்பதையும், அந்த வளையத்துக்கு வாயில்போல ஒரு வழி இருப்பதையும், அவ்வழியாக மட்டுமே கப்பல் நுழைய முடியும் என்பதையும் தெளிவாகக் குறித்துள்ளார். சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் வந்த கப்பல் 1602இல் மாலத்தீவின் கொய்தூப் பகுதியில் பாறையில் மோதி உடைந்தது. அதன்பின் 1607 வரை அந்நாட்டைவிட்டு வெளியேற இயலாமல் தங்கியிருந்து, மொழியைக் கற்று, ஊர் திரும்பியபின் அவர் எழுதிய நூலில், நாடு பதின்மூன்று மாகாணங்களாகப் பிரிந்துள்ளது என்றும் அவற்றை அம்மக்கள் இச்சொல்லால் அழைக்கின்றனர் என்றும் பதிவு செய்தார். 1625இல் அது ஆங்கிலத்திலும் அச்சேறியது. ஆக, ஐரோப்பாவுக்குள் சொல் நுழைந்தபோது அதன் முதற்பொருள் மாகாணம் என்பதே என்பதை மனத்தில் இருத்த வேண்டும்.

பிரார் தரும் இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. அந்நாட்டு அரசர் தம்மைப் 'பதின்மூன்று மாகாணங்களுக்கும் பன்னீராயிரம் தீவுகளுக்கும் அரசர்' என்று சொல்லிக்கொண்டார். முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று குறிப்பது மாலத்தீவையே என்று வரலாற்றாசிரியர் பலரும் கொள்கின்றனர். ஆறு நூற்றாண்டு இடைவெளியில் அதே எண் வருகிறது. உண்மையில் இன்று எண்ணப்படும் தீவுகள் ஏறத்தாழ 1,190 மட்டுமே. பன்னீராயிரம் என்பது எண்ணிக்கை என்பதைவிட அத்தீவுக்கூட்டத்துக்கு அக்காலக் கடலோடிகளிடையே வழங்கிய பெயர் என்று கொள்ளத் தோன்றுகிறது.

மாகாணப் பெயராக இருந்த சொல் அறிவியல் கலைச்சொல்லானது சார்லசு டார்வினால். பவளப்பாறைகளின் அமைப்பும் பரவலும் பற்றி 1842இல் வெளிவந்த நூலில் அவர் இச்சொல்லை, நடுவில் கடல்நீரைச் சூழ்ந்து நிற்கும் வளைய வடிவப் பவளப்பாறைக்குப் பொதுப்பெயராக ஆக்கினார். டார்வின் மாலத்தீவுக்குச் சென்றதில்லை. 1836இல் கோகோசுத் தீவுகளை நேரில் கண்டதும், 1834 முதல் 1836 வரை மாலத்தீவுக் கடலை அளந்த கப்பல் தலைவர் இராபர்ட் மோர்சுபியின் வரைபடங்களும் அவருக்கு உதவின. அவருடைய விளக்கம் இது: கடலில் எழுந்த எரிமலைத் தீவின் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது, தீவு மெல்ல அமிழ, ஒளி தேவைப்படும் பவளம் நீர்மட்டத்தை விடாமல் மேல்நோக்கி வளர்கிறது, முடிவில் தீவு மறைந்து, அதைச் சுற்றியிருந்த பவளம் மட்டும் வளையமாக எஞ்சுகிறது. 1952இல் பசிபிக்கின் எனிவெட்டாக்கில் துளையிட்டபோது ஆயிரம் மீட்டருக்கும் கீழே எரிமலைப்பாறை தட்டுப்பட்டது இவ்விளக்கத்துக்குப் பெரும் சான்றாயிற்று. மாலத்தீவின் அடியிலும் எரிமலைப்பாறை உண்டு. ஆயினும் அங்குள்ள வளையங்கள் இன்றைய உருவம் பெற்றதற்கு, பனியூழிகளின்போது கடல்மட்டம் பலமுறை ஏறி இறங்கியதே முதன்மைக் காரணம் என்று அண்மைக்கால நிலவியலாளர் சிலர் வாதிடுகின்றனர்.

இந்நாட்டில் இயற்கையான வளையங்கள் 26 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் அவை நீண்டு கிடந்தாலும் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 298 சதுர கிலோமீட்டர்தான். தரையின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் அளவே. மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகம். மக்கள் வாழும் தீவுகள் 200க்கும் குறைவு.

வளையத்தின் உள்ளும் வெளியும் அங்கே இரண்டு வேறு கடல்கள். சூரை மீன் தொழிலைப் பார்த்தால் இது விளங்கும். மீனவர் முதலில் வளையத்தின் உட்புறத்தில், பவளப்பாறையை ஒட்டி, வலைபோட்டுச் சிறுமீன்களை உயிரோடு பிடித்து, கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும் படகின் அடித்தட்டில் விடுகின்றனர். பின்னர் பாறைகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால் வழியாக வெளிக்கடலுக்குப் போகின்றனர். அந்த வாய்க்காலுக்குத் திவேகியில் 'கண்டு' என்று பெயர். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள இரையை அள்ளி வீசி, நீரைத் தூவி, மீன்கள் மேலெழுந்து மொய்க்கும்போது முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகின் பின்தட்டில் எறிகின்றனர். அப்படிப் பிடித்த சூரையை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்து ஆக்கியதே நம் கடைகளில் மாசி என்று விற்கும் கருவாடு. மீனைக் குறிக்கும் திவேகிச் சொல் 'மஸ்'. அவர்கள் படகின் பெயர் 'தோனி'. 1972இல் அந்நாட்டில் திறக்கப்பட்ட முதல் சுற்றுலா விடுதித் தீவின் பெயர் 'குரும்பா', அதாவது இளந்தேங்காய், தமிழில் குரும்பை. இன்று நாட்டின் பொருளாதாரத்தில் மீன்பிடியை முந்தி நிற்பது அவ்வாண்டு தொடங்கிய சுற்றுலாவே.

இனி நிர்வாகப் பொருளுக்கு வருவோம். இயற்கை வளையங்களுக்கு மாலே, அரி, ஹுவது, அட்டு போன்ற மரபுப் பெயர்கள் உண்டு. நிர்வாகப் பிரிவுகளுக்கோ வடக்கிலிருந்து தெற்காக, திவேகியை எழுதப் பயன்படும் தானா எழுத்துகளின் பெயர்கள் வரிசையாக இடப்பட்டுள்ளன: ஹா, ஷவியனி, நூனு, ரா, பா என்று தொடங்கி சீனுவில் முடியும். ஹா, அலிஃபு, தெற்கேயுள்ள காஃபு ஆகிய மூன்றும் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டதால் மொத்தம் இருபது எழுத்துப் பெயர்கள் வழங்குகின்றன. இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதுதான் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய செய்தி. தெற்கேயுள்ள ஹுவது, உலகின் மிகப்பெரிய வளையங்களுள் ஒன்று. நிர்வாகத்தில் அது இரண்டு பிரிவுகள். தலைநகரை அடுத்த வடமாலே, தென்மாலே வளையங்களும் காஃபரு என்னும் சிறுவளையமும் காசிதூ என்னும் தனித்தீவும் சேர்ந்து நிர்வாகத்தில் ஒரே பிரிவு. எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தனியே நிற்கும் ஃபுவாமுலா. அது ஒற்றைத் தீவு. சுற்றி வளையமோ உட்கடலோ கிடையாது. ஆயினும் அதற்கு ஞவியனி அத்தொளு என்னும் நிர்வாகப் பெயர் உண்டு. இப்போது அதுவும் அட்டுவும் நகர மன்றங்களால் ஆளப்படுகின்றன. ஃபுவாமுலாவை அடோல் என்று படித்துவிட்டு 'வளையத் தீவுக்கூட்டம்' என்று தமிழில் எழுதினால் நேர்ப்பிழையாகும்.

மக்களின் மனத்திலும் அத்தொளு என்பது பாறையமைப்பு மட்டும் அன்று. அது சொந்த ஊர்ப்பகுதி. அட்டு, ஹுவது, ஃபுவாமுலா ஆகிய மூன்றும் 1959இல் மாலேயின் ஆட்சியிலிருந்து பிரிந்து ஐக்கிய சுவதீவுக் குடியரசு என்ற பெயரில் 1963 வரை தனியாட்சி நடத்தின. அத்தென்பகுதி மக்களின் பேச்சு மாலேப் பேச்சிலிருந்து இன்றும் மிகவும் வேறுபட்டது.

தமிழில் என்ன சொல்வது? பவளத்தீவு என்பது பவளத்தால் ஆன எந்தத் தீவுக்கும் பொருந்தும். வளையம் என்ற கருத்து அதில் இல்லை. பல தீவுகள் சேர்ந்தது என்பதும் இல்லை. பவளத்திட்டு என்பதும் பொருந்தாது. திட்டு என்றால் நீரின்மேல் தலைகாட்டும் மேடு. இராமேசுவரத்தார் மணல்திட்டு என்று சொல்வது அதைத்தான். திவேகியில் 'ஃபினொளு' எனப்படும், மரம் அடர்ந்து வளராத மணல்மேட்டுக்கு அச்சொல்லை ஒதுக்கிவைப்பது நல்லது. நீருக்கடியிலுள்ள பாறைத்தொடருக்கு மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் வழங்கிய 'பார்' என்னும் சொல் இருக்கிறது; தொல்லாயிரம் பார், சேவல் பார் என்பன அங்குள்ள பெயர்கள். ஈழத்துப் புவியியல் எழுத்தில் பவளம் 'முருகைக்கல்' ஆகையால் முருகைக்கற்பார் என்பர். திவேகியின் 'ஃபரு' என்பதற்கு இது நேரான சொல்.

நிலவியல் பொருளில் வரும் இடங்களில் 'பவள வளையம்' என்று எழுதலாம் என்பது என் முடிவு. உருவத்தையும் ஆக்கிய பொருளையும் இரண்டே சொல்லில் அது காட்டுகிறது. பள்ளி மாணவருக்கும் உரை தேவையில்லை. வளையத்தின் நடுவிலுள்ள நீரைக் காயல் என்றோ களப்பு என்றோ சொல்லாமல் 'உட்கடல்' என்பது சரி. காயலும் களப்பும் கரையோரத்து ஆழமற்ற நீர்நிலைகள், இதுவோ மாலத்தீவில் பல இடங்களில் ஐம்பது மீட்டருக்கும் மேல் ஆழமுடையது. நிர்வாகப் பொருளில் வரும் இடங்களிலோ மொழிபெயர்க்காமல் 'அத்தொளு' என்றே எழுத வேண்டும். தாலுகா, ஜில்லா என்பவற்றைப் போல அது ஓர் ஆட்சிப்பிரிவின் பெயர். அத்தொளுக் கவுன்சில், தீவுக் கவுன்சில் என்று எழுதினால் முதலில் சொன்ன குழப்பம் எழாது.

மினிக்காயை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு நன்கு புலப்படும். இலட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள அத்தீவில் மக்கள் பேசுவது திவேகியின் ஒரு வகையான மகல். தீவு நிற்பதும் ஒரு பவள வளையத்தின் விளிம்பில்தான். ஆனால் அது இந்திய ஒன்றியப் பகுதிக்கு உட்பட்டது. மாலேயின் உள்ளாட்சிச் சட்டம் அங்கே செல்லாது. எனவே மினிக்காய் பவள வளையம் என்று எழுதலாம், மினிக்காய் அத்தொளு என்று எழுதக் கூடாது. ஃபுவாமுலாவுக்கு இதன் மறுதலை பொருந்தும்.