வெட்டாத காடு ஏன் வளரவில்லை?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தி ஐம்பது வருஷம் ஆகிறது. சும்மா விட்டால் காடு தானாக வந்திருக்க வேண்டுமே? நடுநடுவே ஏன் சொட்டை சொட்டையாகக் கிடந்தது? வாய்க்கால் வெட்டிய இடத்தில் மட்டும் எப்படி முளைத்தது?"

எனக்கும் இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. கொல்லையில் பூவரசை வெட்டினால் அடுத்த மழைக்கே ஆறு கிளை துளிர்க்கிறது. மடையானுக்கு வலை கட்டுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட்டால், அடுத்த பருவத்தில் வயலில் மடையான் கூடுதலாகத் தெரியும். 1972 வனவிலங்குச் சட்டம் அந்த வகையில் வேலை செய்கிற சட்டம்தான். வேட்டையை நிறுத்தினால் பறவை திரும்பி வருகிறது. கோடரியை நிறுத்தினால் மரமும் திரும்ப வேண்டும்தானே?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காடு ஒரு காலத்தில், சத்திரங்களை நிர்வகித்த சத்திரம் இலாகாவிடம் இருந்தது. 1937 வாக்கில் வனத்துறைக்கு வந்தது. விறகுக்காகக் காட்டைக் கூப்பு என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு மரம் விடாமல் மொட்டையடிக்கிற வழக்கம் 1970கள் வரை நடந்தது. ஒரு கூப்பு முடிந்தால் அடுத்தது. வெட்டின இடம் தானாக வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வளரவில்லை.

ஏன் என்று புரிய, அந்த மரம் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

ஜாம்புவானோடையில் படகு ஏறிக் கோரையாற்று வழியாகப் போனால், கரையோரச் சேற்றில் பென்சில்களைத் தலைகீழாகக் குத்தி வைத்தது போலக் குச்சிகள் நிற்கும். அவை முளைத்துவரும் கன்றுகள் அல்ல, வேர்கள். இங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெண்கண்டல் மரம்தான். அதன் வேர் ஆழமாக இறங்காமல், சேற்றுக்குள் கயிறு மாதிரிக் கிடைமட்டமாக ஓடும். ஒரு சாணுக்கு ஒன்று என்று மேல் நோக்கிக் குச்சி விடும். ஓர் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய மரத்துக்கே பத்தாயிரம் குச்சிக்கு மேல் இருக்கலாம்.

அந்தச் சேற்றில் காலை வைத்து எடுத்துப் பாருங்கள், அழுகின முட்டை வாடை அடிக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. காற்றில் ஆக்சிஜன் பரவுகிற வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவும். ஆகவே சேற்றுக்குள் கிடக்கும் வேருக்கு மேலேயிருந்து குழாய் போட்டுத்தான் காற்று கொண்டுவர வேண்டும். சேற்றுக்கு மேலே நிற்கிற அந்தக் குச்சிதான் குழாய். மூச்சு வேர் என்பார்கள். உள்ளே ஸ்பாஞ்சு போன்ற திசு, வெளித்தோலில் பொடிப்பொடித் துளைகள். துளை வழியே காற்று போகும், தண்ணீர் போகாது.

இதுவரை பள்ளிக்கூடப் பாடம். ஆனால் கடல் ஏறும்போது குச்சிகள் முழுக்க முங்கிவிடுமே, அப்போது?

துளைகள் அடைபட்டுவிடும். ஆனால் வேர் உள்ளே இருக்கிற ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் செலவானால் ஒரு மூலக்கூறு கரியமில வாயு பிறக்கும், அதனால் கணக்குக்கு உள்ளே அழுத்தம் மாறக்கூடாது. இங்கேதான் வேடிக்கை. கரியமில வாயு தண்ணீரில் ஆக்சிஜனைவிடச் சுமார் 30 மடங்கு சுலபமாகக் கரையும். பிறந்த கையோடு அது சுற்றியிருக்கும் ஈரத்தில் கரைந்து வெளியேறிவிடுகிறது. ஒன்று செலவாயிற்று, அதற்குப் பதிலாக வந்ததும் ஓடிப்போயிற்று. வேருக்குள் அழுத்தம் இறங்குகிறது.

சூடான ரசத்தை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி இறுக மூடி, ஆறின பிறகு திறந்திருப்பீர்கள். மூடி பிடித்துக்கொள்ளும். நகத்தை விட்டு நெம்பினால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும். அலையாத்தி வேரும் அப்படித்தான். தண்ணீர் வடிந்து குச்சியின் நுனி வெளியே தெரிந்ததும், அடைபட்ட துளைகள் திறந்து வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. மார்புக்கூடு இல்லை, நுரையீரல் இல்லை, தசை இல்லை. கடல் ஏறி இறங்குவதே மூச்சு. நாளுக்கு இரண்டு தடவை.

1955இல் ஷோலண்டர் என்பவரும் கூட்டாளிகளும் இதை அளந்து காட்டினார்கள். சுரபுன்னை வகை அலையாத்தி மரத்தில், தண்டிலிருந்து சேற்றில் இறங்கி முட்டுக் கொடுக்கும் வேர்களில் துளைகள் மேல் கிரீஸ் தடவி அடைத்தார்கள். சில நாளில் சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கிரீஸ் டப்பாவை வைத்துக்கொண்டு செய்த சோதனை! நம் ஊர்க் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்களே இதைத் திரும்பச் செய்யலாம். ஆனால் "பெரிய கருவி வேண்டாமே, எதற்குப் பணம்?" என்று கேட்டு இப்படிப்பட்ட திட்டங்களைத்தான் முதலில் தள்ளுபடி செய்கிறார்கள்.

சரி, சொட்டைக்கு வருவோம்.

மொட்டையடித்த கூப்பில் நிழல் போயிற்று. வெயில் நேராகச் சேற்றில் விழுந்து, களிமண் காய்ந்து சுருங்கிக் கீழே இறங்கிற்று. சுற்றியிருந்த காட்டைவிட அந்த இடம் தாம்பாளம் மாதிரிப் பள்ளமானது. நம் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் சாண் கணக்குதான். ஏறிய தண்ணீர் பள்ளத்துக்குள் வந்துவிடும், இறங்கும்போது வெளியே போக வழியில்லை. நாலு விரல் பள்ளம் போதும். நின்ற தண்ணீர் வெயிலில் ஆவியாக, உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பாத்தி கட்டுகிறார்களே, அதையேதான் இங்கே கோடரி கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

வெண்கண்டல் உப்புக்குப் பயப்படுகிற மரம் அல்ல. வேரிலேயே பெரும்பகுதியை வடிகட்டிவிடும், மிச்சத்தை இலை வழியாகக் கக்கும். மழையில்லாத நாளில் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆனால் கடல் நீரைவிடக் கூடுதல் உப்பில், அதுவும் தண்ணீர் வடியாத இடத்தில், மிதந்து வந்த விதை வேர் பிடிக்காது. பிடித்தாலும் முங்கியே கிடக்கிற கன்றால் மூச்சை இழுக்க முடியாது. கோடரி கொல்லாததை நின்ற தண்ணீர் கொன்றது. இறால் பண்ணைக் கரைகள் செய்ததும் அதே வேலை. 1996இல் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உத்தரவு போட்டது. ஆனால் தண்ணீரின் வழியை மறித்த கரை, தீர்ப்பைக் கேட்டுத் தானாகக் கரையாது.

அதனால்தான் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து கன்றுக்கு முன்னால் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளுதான். ஏறின தண்ணீர் இறங்க வழி கிடைத்தது, உப்பு கழுவிப்போயிற்று, சின்ன வாய்க்கால் ஓரங்களில் நட்ட வித்து பிடித்துக்கொண்டது.

என் புலம்பல் இதில் ஒன்றுதான். அந்தச் சின்ன வாய்க்கால்கள் தூர்ந்துபோகும், அவ்வப்போது வார வேண்டும். கன்று நடும் விழாவுக்குப் பந்தல், மைக், போட்டோ எல்லாம் வரும். தூர் வாருவதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டைச் சிதைத்த பிறகும் எல்லோரும் பேசியது எத்தனை கன்று நடுவது என்றுதான்.

வாசகர் கடைசியாகக் கேட்டது: "எங்கள் பக்கம் கைவிட்ட பண்ணைக் கரையை உடைத்துவிட்டால் காடு வருமா?" இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அனுமதி வாங்கிக்கொண்டு, கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் லெவல் டியூபோடு ஒரு பௌர்ணமிக்குப் போங்கள். குச்சிகளை நட்டு, தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை மணிக்கு வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விடிந்தும் எந்தக் குச்சியின் காலில் தண்ணீர் நிற்கிறதோ, அங்கிருந்து வாய்க்காலை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.