கைரோபிராக்டர்: கை வைத்தியரா, கைவினைஞரா?

அமெரிக்கக் கால்பந்து அணியொன்றின் மருத்துவக் குழுவைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் சிக்கல் எதுவும் வராது. அணி மருத்துவர், எலும்பு மூட்டு மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவியல் நிபுணர் என்று கை தானாக ஓடும். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்கிற கைரோபிராக்டர் வந்ததும் நின்றுவிடும். மொழிபெயர்ப்புச் செயலியைக் கேட்டால் ‘உடலியக்க மருத்துவர்’ என்கிறது. அதைப் படிக்கிற யாரும் இயன்முறை மருத்துவரைத்தான் நினைப்பார்கள். இன்னும் சிலர் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘சிரோபிராக்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

உச்சரிப்பை முதலில் தீர்த்துவிடலாம். முதல் ஒலி ‘கை’தான். கிரேக்கத்தில் ‘கெயிர்’ என்றால் கை, ‘பிராக்சிஸ்’ என்றால் செயல். இரண்டும் சேர்ந்து ‘கையால் செய்யப்படுவது’ என்ற பொருள். தமிழ்க் கையும் இந்தக் ‘கைரோ’வில் வருகிற கையும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல். உலக மொழிகளையெல்லாம் தமிழிலிருந்து பிறக்கவைக்கும் அன்பர்கள் இதைக் கையில் எடுக்காமல் இருக்க வேண்டும். அதே கிரேக்கக் கையிலிருந்து வந்த இன்னொரு சொல் நம் எல்லோருக்கும் பழக்கம்: சர்ஜரி. ‘கெயிரூர்கியா’ என்றால் கைவேலை. அது லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருவதற்குள் தேய்ந்து சர்ஜரி ஆனது. ஆக, கத்தி எடுக்கிற மருத்துவருக்கும் கத்தியே தொடாத கைரோபிராக்டருக்கும் தொழிற்பெயர் ஒரே வேரிலிருந்து வந்தது.

சொல் பார்க்கப் பழையதுபோல இருந்தாலும் வயது நூற்று முப்பதுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் காந்த வைத்தியம் செய்துவந்தார். அதற்கு முன் மளிகைக்கடை வைத்திருந்தவர். 1895 செப்டம்பரில், அவருடைய கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டின் முதுகில் ஒரு முள்ளெலும்பு புடைத்திருப்பதைக் கண்டு கையால் அழுத்தினார் என்றும், பதினேழு ஆண்டாகக் கேட்காத காது கேட்கத் தொடங்கியது என்றும் பால்மரே எழுதியிருக்கிறார். கேள்வி நரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குப் போகிறது, முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனவே மருத்துவர்கள் அன்றும் இன்றும் இந்தக் கதையை நம்புவதில்லை. தொழிலுக்குப் பெயர் வைத்தவர் பால்மரிடம் சிகிச்சைக்கு வந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார். கிரேக்கம் படித்தவர். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகப் பால்மர் 1906இல் சிறைக்குப் போனார். 1913இல் கேன்சஸ் மாநிலம் முதன்முதலாகச் சட்டம் இயற்றி இத்தொழிலுக்கு உரிமம் தந்தது. கடைசி மாநிலமான லூசியானா 1974 வரை தரவில்லை.

கையால் செய்வது என்றால் எதை? ஆட்டக்காரரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கச் சொல்லி, தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே இன்னொரு கையை ஊன்றி, மூட்டு இனி நகராது என்ற எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து மிகச் சிறிய, மிக வேகமான ஓர் அழுத்தம். அடுத்த நொடி ‘படக்’ என்று சத்தம். நூற்று நாற்பது கிலோ எடையுள்ள லைன்மேனுக்கு (எதிரணியோடு மோதித் தடுக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்) இதைச் செய்ய வலிமையை விடக் கோணம்தான் முக்கியம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ‘எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது’ என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் சட்டென்று குறையும்போது அதில் வாயுக் குழி ஒன்று உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து இதைப் படமே எடுத்துவிட்டார்கள். நம் பாட்டிமார் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்கும்போது நெட்டி முறிகிற சத்தமும் அதேதான்.

இனி மைதானத்துக்கு வருவோம். அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலை வெகுகாலம் தள்ளியே வைத்திருந்தது. 1966இல் ‘அறிவியலற்ற நம்பிக்கைக் கூட்டம்’ என்ற பொருளில் தீர்மானமே போட்டது. கைரோபிராக்டர்களோடு சேர்ந்து வேலை செய்வது மருத்துவ அறத்துக்கு மாறானது என்ற விதி 1980 வரை இருந்தது. அந்த விதியின்படி அணியின் எலும்பு மருத்துவர் ஓர் ஆட்டக்காரரை அவர்களிடம் அனுப்புவதே குற்றம். 1976இல் செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், சங்கம் செய்தது சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர் தீர்ப்பளித்தார்.

அதன் பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளில் 31 விழுக்காடு கைரோபிராக்டரை முறைப்படி வைத்திருந்தன. அதே ஆய்வில் பதில் சொன்ன, அணியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர்களில் 77 விழுக்காட்டினர் ஆட்டக்காரர்களை அவர்களிடம் அனுப்பியிருந்தார்கள். இன்று 32 அணிகளிலும் தங்கள் ஆட்கள் இருப்பதாகக் கைரோபிராக்டர்களின் சங்கம் சொல்கிறது.

இருப்பதும் அதிகாரம் இருப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் அவர் முழுநேர ஊழியர் அல்ல. சொந்த மருத்துவமனை நடத்திக்கொண்டு, குறிப்பிட்ட நாட்களில் அணியின் பயிற்சிக் கூடத்துக்கும் ஆட்ட நாளில் உடைமாற்றும் அறைக்கும் வருபவர். மருந்து எழுதுவது, ஊசி போடுவது, அறுவை முடிவு, மீண்டும் களமிறங்க அனுமதி எதுவும் அவர் கையில் இல்லை. தலையில் அடிபட்டால் அணி மருத்துவரும், எந்த அணியையும் சேராத நரம்பியல் ஆலோசகரும்தான் முடிவெடுப்பார்கள். கழுத்தில் மோதல் காயம் என்ற ஐயம் இருக்கும்போது அங்கே யாரும் கழுத்தைத் திருப்பக் கூடாது. கழுத்துத் திருப்பலுக்குப் பின் கழுத்துத் தமனியில் கிழிசல் கண்ட நோயாளிகள் பதிவாகியிருப்பதால் இந்த எச்சரிக்கை சம்பிரதாயம் அல்ல. நன்மையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இடுப்பு வலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017இல் முதுகெலும்புக் கைச்சிகிச்சையைச் சேர்த்தது. ஆட்டத் திறனைக் கூட்டும் என்ற விளம்பரத்துக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது.

நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டத்திலும் ஒரு கைரோபிராக்டர் பெரும் செல்வாக்கோடு இருந்திருக்கிறார். இத்தாலியின் ஏசி மிலான் அணி 2002இல் ஆட்டக்காரர்களின் காயங்களைத் தடுக்க ‘மிலான் லேப்’ என்ற ஆய்வகத்தைத் தொடங்கியபோது அதை நடத்தியவர் பெல்ஜியத்துக்காரரான ழான்-பியர் மீர்ஸ்மான். ரியல் மாட்ரிட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்த ஃபெர்னாண்டோ ரெடோண்டோ முழங்கால் காயத்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் முடங்கியிருந்த காலம் அது. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் முப்பத்தெட்டு வயது மால்டினி தலைமையில் மிலான் வென்றபோது எல்லோரும் அந்த ஆய்வகத்தைப் புகழ்ந்தார்கள். 2009இல் அலி சிசோகோ என்ற ஆட்டக்காரரின் பற்களில் கோளாறு என்று சொல்லி அவரை வாங்காமல் விட்டபோது பலர் சிரித்தார்கள். அங்கே மீர்ஸ்மான் வகித்தது நிர்வாகப் பதவி. என்.எஃப்.எல். கைரோபிராக்டருக்கு அந்த இடம் இல்லை.

இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர் வழுக்கி விழும் இன்னொரு சொல் ‘சப்லக்சேஷன்’. எலும்பு மருத்துவருக்கு அது மூட்டு பாதி நழுவுவது, பரிசோதனையிலும் படத்திலும் காட்டக்கூடியது. பால்மர் மரபில் அது நரம்பை நெருக்கி நோய் தருவதாகச் சொல்லப்படும் நுண்ணிய கோளாறு, படத்தில் காட்ட முடியாதது. ஆட்டக்காரரின் தோளில் சப்லக்சேஷன் என்று செய்தி வந்தால் அது முதல் பொருளில். ‘பகுதி மூட்டு நழுவல்’ என்று எழுதலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தால் ‘கைவினைஞர்’ வரும். மண்பானை செய்கிறவரை நினைவுபடுத்தும். ‘கை வைத்தியர்’ என்றால் சுக்குக் கஷாயம் போடுகிற வீட்டு வைத்தியம்தான் மனதில் எழும். ‘சுளுக்கு எடுப்பவர்’ பேச்சில் பொருந்தினாலும், எட்டாண்டு வரை படித்துப் பட்டமும் உரிமமும் பெறுகிற தொழிலுக்குப் போதாது. ‘வர்ம மருத்துவர்’ கூடவே கூடாது. வர்மத்துக்குத் தனிப் புள்ளிகளும் தனி மரபும் உண்டு. ‘உடலியக்க’ என்ற அடை ஏற்கெனவே இயன்முறை மருத்துவத்தோடு மோதுகிறது.

எனக்குச் சரியாகப் படுவது ‘முதுகெலும்புச் சீராக்குநர்’. அவர்கள் செய்யும் செயலுக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘அட்ஜஸ்ட்மெண்ட்’, அதற்குச் ‘சீராக்கம்’ பொருந்தும். கணுக்காலையும் தோளையும்கூடப் பார்க்கிறார்களே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள், ஆனால் தொழிலின் மையம் முதுகெலும்புதான். கட்டுரையில் முதல்முறை ‘கைரோபிராக்டர் (முதுகெலும்புச் சீராக்குநர்)’ என்று எழுதிவிட்டு, பிறகு ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்தலாம். அதே கட்டுரையில் ‘அத்லெடிக் டிரெய்னர்’ வந்தால் அதைப் ‘பயிற்சியாளர்’ ஆக்கிவிடாதீர்கள். அவர் காயம் பார்க்கிற, உரிமம் பெற்ற சுகாதாரப் பணியாளர். கைரோபிராக்டரிடம் யார் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவர்தான் சொல்கிறார். அவரைப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதினால், ஆட்ட உத்தி வகுக்கிறவரே வைத்தியத்துக்கும் ஆள் அனுப்புகிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.