நாடாவில் பச்சை, உயரத்தில் குறை

அங்கன்வாடிகளில் ஒரு நாடா வைத்திருப்பார்கள். குழந்தையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அதைச் சுற்றினால் சிவப்பு, மஞ்சள், பச்சை என ஏதாவது ஒரு நிறத்தில் வந்து நிற்கும். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு. அந்தக் கையின் குறுக்களவு 3.7 செ.மீ. கூட இல்லை, தண்ணீர் பாட்டில் மூடியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இந்தச் சுற்றளவு அதிகம் மாறாது. அதனால் பிறந்த தேதி சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் அதே கோடு பொருந்தும்.

நல்ல கருவிதான். ஆனால் அதற்குத் தெரிவது மெலிவு மட்டும். நான்கு வயதுப் பிள்ளை மூன்று வயது உயரத்தில் நின்றாலும், கை பச்சையில் இருந்தால் நாடா எதுவும் சொல்லாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பழங்குடிக் குழந்தைகளில் சுமார் 41 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே உயரம் என்றால் அது யாருக்கும் குறையாகவே படாது.

“அவங்க ஆளுங்களே குட்டைதானே” என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக வரும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், பிரேசில், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. முதல் ஐந்து வயதில் உயரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறியது. 2006-இல் வந்த வளர்ச்சி அட்டவணைக்கு அதுதான் அடிப்படை. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்றல்ல. இவ்வளவு பெரிய இடைவெளியை அதன் தலையில் கட்ட முடியாது.

சரி, உயரம் எங்கே போகிறது? கையில் காசு குறைந்தால் அரிசியையும் மருந்தையும் வாங்கிவிட்டு, வெள்ளையடிப்பதை அடுத்த பொங்கலுக்குத் தள்ளுவோம் இல்லையா? உடம்பும் அப்படித்தான். மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் கொடுத்துவிட்டு, எலும்பு நீள்வதைத் தள்ளிப்போடும். ஈரல் அனுப்பும் வளர்ச்சிச் சுரப்பு குறையும். எலும்பு நுனியில் குருத்தெலும்புச் செல்கள் பெருகுவது மந்தமாகும். வெள்ளையடிப்பதற்காவது அடுத்த பொங்கல் வரும். முதல் இரண்டு வயதில் விட்ட உயரம் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இதில் குடலுக்கும் பங்குண்டு. அசுத்தத் தண்ணீரால் கிருமிகள் ஓயாமல் உள்ளே போனால், சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் மழுங்கிவிடும். அப்புறம் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

சாப்பாடே மாறியதும் ஒரு காரணம். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் மக்கள் ஒரே காட்டில் ராகி, சாமை, துவரை, கீரை எல்லாம் கலந்து விதைத்தவர்கள். நிலம் கைமாறியது, காட்டுக்குள் போய்வருவது சுருங்கியது. தட்டில் மிஞ்சியது ரேஷன் அரிசி. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். பசி அடங்கிவிடுவதால் குறை வெளியே தெரியாது.

2013-இல் அட்டப்பாடியில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. இறந்தவர்களில் பலர் எடை குறைந்து பிறந்தவர்கள்; தாய்மார்களிடம் ரத்தசோகை பரவலாக இருந்தது. அதன்பிறகு அங்கே சமுதாயச் சமையலறைகளைத் தொடங்கி, கர்ப்பிணிகளுக்கும் சமைத்துப் போட்டார்கள்.