ஏற்காட்டில் காப்பிப் பழம் ஏன் கீழே விழுகிறது?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது காது அடைக்கும், குளிர் தட்டும். உடம்புக்குத் தெரியாமல் இன்னொன்றும் மாறியிருக்கும். மேலே காலம் சற்று வேகமாக ஓடுகிறது.

ஐன்ஸ்டீன் 1915இல் முடித்த பொதுச் சார்பியல் கொள்கையின்படி, பூமியின் மையத்தை நெருங்க நெருங்கக் காலம் மெதுவாகும். ஒரே மாதிரியான இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றைச் சேலத்திலும் மற்றொன்றை ஏற்காட்டிலும் வைத்தால், மேலே இருப்பது ஒரு நாளைக்குச் சுமார் 11 நானோவினாடி முந்தும். நானோவினாடி என்றால் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. 80 வருடம் ஏற்காட்டிலேயே வாழ்ந்தாலும் கூடுவது ஒரு வினாடியில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்குதான். கடிகாரம் மட்டும் அல்ல, இதயத் துடிப்பு, செடியின் வளர்ச்சி எல்லாமே அதே கணக்கில் முந்துகின்றன.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தால் என்ன ஆகிவிடும்? பொருள்கள் கீழே விழுவதே அதனால்தான். இயற்பியலில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்.

தடையில்லாமல் போகும் பொருள், தன் சொந்தக் கடிகாரத்தில் அதிக நேரம் கழியும் பாதையில் போகும் என்கிறது சார்பியல். ஒரு கல்லை மேலே எறிகிறீர்கள். சரியாக 2 வினாடியில் அது கைக்குத் திரும்ப வேண்டும். உயரே போனால் அங்கே காலம் வேகமாக ஓடுவதால் கல்லுக்கு ஆதாயம். ஆனால் ரொம்ப உயரம் போய்த் திரும்ப வேகமாகப் பாய வேண்டும். பாயும் கடிகாரம் மெதுவாகும் என்பதால் அது நஷ்டம். இரண்டையும் கூட்டிக் கழித்தால், அதிகம் மிஞ்சுவது சுமார் 5 மீட்டர் உயரம் போய்த் திரும்பும் பாதையில். கல் போவதும் அதே உயரம்தான்! கிளையிலிருந்து உதிரும் காப்பிப் பழத்துக்கும் இதே கணக்கு. மேலேயும் கீழேயும் காலம் ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் பழம் அந்தரத்திலேயே நின்றிருக்கும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல. 1960இல் பவுண்டு, ரெப்கா என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 22.5 மீட்டர் உயரத்திலேயே இந்த விளைவை அளந்துவிட்டார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி (ஒரு மைக்ரோவினாடி என்பது ஆயிரம் நானோவினாடி) முந்துவதையும் கணக்கில் எடுத்துத் திருத்துகிறார்கள்.

அப்படியானால் சேலத்தின் காலம் உண்மையா, ஏற்காட்டின் காலம் உண்மையா? இரண்டும் உண்மைதான். எல்லா இடத்துக்கும் பொதுவாக ஓடும் ஒரே காலம் என்று நியூட்டன் நம்பியது இயற்கையில் இல்லை. நம் கைக்கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து நாம் செய்துகொண்ட ஏற்பாடு. அதனால்தான் சேலத்தில் சூரியன் உச்சிக்கு வர, சராசரியாகப் பகல் 12 மணிக்கு மேல் 17 நிமிடம் ஆகிறது.

இப்போது இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, கால வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கண்டுபிடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் ஒரு கடிகாரமும் தரையில் ஒன்றும் வைத்துச் செய்த சோதனை 2020இல் வெளியானது. அதேபோல் சேலத்தில் ஒன்றும் ஏற்காட்டு மலைமேல் சேர்வராயன் கோயில் பக்கம் ஒன்றும் வைத்தால், மலை எவ்வளவு உயரம் என்பதைக் கடிகாரங்களே சொல்லிவிடும்.