ஐந்து வருஷ இன்சூரன்ஸ் இருக்கிறதே சார்!

போன வாரம் ஒருவர் தெரிந்தவர் மூலமாக என் நம்பர் வாங்கிப் பேசினார். ராத்திரி வாசலில் பூட்டி நிறுத்திய பைக் காலையில் இல்லை. வாங்கி இரண்டரை வருஷம், தவணை இன்னும் ஆறு மாதம் பாக்கி. பாலிசியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் இரண்டு தேதி வரிகள் இருந்தன. 'ஓன் டேமேஜ்' தேதி முடிந்தே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. 'தேர்டு பார்ட்டி' மட்டும் இன்னும் இரண்டரை வருஷம் ஓடும். "ஐந்து வருஷ இன்சூரன்ஸ் இருக்கிறதே சார்" என்றார். திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது என்று நான் சொன்னதும் போனில் சத்தமே இல்லை. மூன்று மாதத்துக்குள் இது நாலாவது ஆள்.

நான் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, சேதம் எவ்வளவு, பாலிசிப்படி எவ்வளவு சேரும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பணம் தருவதும் மறுப்பதும் கம்பெனி. திட்டு மட்டும் எனக்கு.

அந்த ஐந்து வருஷக் கதை இதுதான். 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். உங்கள் வண்டியால் அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ பொருளுக்கோ கேடு வந்தால் அதற்கான பாலிசி அது. அடுத்தவருக்கு! உங்கள் வண்டி திருடு போனாலும், எரிந்தாலும், வெள்ளத்தில் முங்கினாலும் அதற்குச் சம்பந்தமில்லை. உங்கள் வண்டிக்கென்று இருப்பது ஓன் டேமேஜ். ஷோரூமில் வழக்கமாக அதை ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுத் தருகிறார்கள். இரண்டும் ஒரே காகிதத்தில் வருவதால் கண்ணில் நிற்பது அந்த '5' மட்டும்தான்.

"வழியில் போலீஸ் நிறுத்தியபோது இதைத்தான் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லையே" என்பார்கள். சொல்ல மாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது தேர்டு பார்ட்டி மட்டுமே. உங்கள் பைக் பத்திரமா என்பது சட்டத்தின் கவலை இல்லை. அப்புறம் இந்த 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற பேச்சு. அந்தப் பெயரில் ஒரு பாலிசியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. "ஃபுல்தானே?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டத்தான் செய்வார். "ஓன் டேமேஜ் எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள்.

முதல் வருஷம் முடிந்ததும் ஓன் டேமேஜை மட்டும் தனியாக எடுக்கலாம். 2019 செப்டம்பரிலிருந்தே இந்த வசதி இருக்கிறது, அதே கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. தேதி தவறினாலும் 90 நாளுக்குள் எடுத்துவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் தப்பும். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்தாவது வருஷத்தில் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். ஒரு இண்டிகேட்டர் உடைந்ததற்கெல்லாம் கிளெய்ம் போட்டு அதைத் தொலைக்காதீர்கள். இதைச் சொன்னால் என்னைக் கம்பெனி ஆள் என்கிறார்கள்.

எல்லோருக்கும் ஓன் டேமேஜ் அவசியமா என்றால், இல்லை. பன்னிரண்டு வருஷப் பழைய வண்டி, விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது என்றால், தேர்டு பார்ட்டியோடு சொந்த விபத்துக் காப்பீடு போதும். ஆனால் தெரிந்தே எடுக்காமல் விடுவது வேறு, தெரியாமல் விட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்பது வேறு.

ஆன்லைனில் புதுப்பிக்கிறவர்கள் ஐடிவியை, அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பை, கொஞ்சம் கவனியுங்கள். வண்டி திருடு போனால் கிளெய்முக்கு அடிப்படை அந்தத் தொகைதான். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகக் கணக்கிடும்போதும் அதேதான். சில நூறு ரூபாய் பிரீமியம் குறைகிறதே என்று ஐடிவியைக் கீழே இழுத்து வைத்துவிட்டு, "என் வண்டி இவ்வளவுதானா சார்?" என்று கேட்டால் நான் என்ன செய்ய? விலை வைத்தது நீங்கள்.

பைக்கில் அடிபடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். வைசர், சைடு பேனல், முன் மட்கார்டு. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி விலை தேய்மானமாகக் கழியும். 3,000 ரூபாய் பேனல் என்றால் 1,500 உங்கள் கையிலிருந்து. லேபிள் இன்னும் ஒட்டியிருந்தாலும், வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்தாலும் அப்படித்தான். கூடுதல் பிரீமியம் கட்டி 'ஜீரோ டெப்' (தேய்மானம் கழிக்காத வசதி) சேர்த்திருந்தால் பிளாஸ்டிக்குக்கு இந்தக் கழிவு இல்லை. புது வண்டிக்கு அந்தக் கூடுதல் பிரீமியம் தண்டமில்லை என்பேன். ஆனால் அதிலும் ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவுத்தொகை உங்களுடையது. இன்ஜின் ஆயில், நட்டு, போல்ட்டுக்குத் தனி ஆட் ஆன், அதாவது பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் வசதி.

சொந்த விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 15 லட்சம். இதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டுமே போட்டிருக்கலாம், தேதியைப் பாருங்கள். முக்கியமாக, இது செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு. வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது மகன் என்றால் மகனுக்கு இது கிடைக்காது. அப்படி ஒரு வீட்டில் போய் விளக்க வேண்டி வந்தது. இன்னொரு முறை என்னால் முடியாது. மகனுக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள், ப்ளீஸ்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஆர்சியோடு பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். சொந்த பைக்கில் டெலிவரி வேலைக்குப் போகிறவர்கள் அதை முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். தனிப்பட்ட உபயோக பாலிசியில் கிளெய்ம் சிக்கிக்கொள்ளும். தண்ணீரில் முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள். விபத்து நடந்த வண்டியைச் சர்வேக்கு முன் கழுவித் துடைத்து வைக்காதீர்கள். நான் பெண் பார்க்க வரவில்லை. எந்தப் பக்கம் இடித்தது என்று அந்த மண்ணும் கீறலும்தான் எனக்குச் சொல்லும்.

திருட்டு என்றால் உடனே போலீஸில் புகார், அன்றே கம்பெனிக்குத் தகவல். இரண்டு சாவியையும் கேட்பார்கள். இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். போன வாரம் பேசியவருக்கு அது மட்டும் சரியாக நினைவிருந்தது.